மட்டாஞ்சேரிக்குப் போன் போட்ட மழைக்காலம்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த சிறிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரம் முழுவதும் ஒரு பழைய கம்ப்யூட்டர் புரோகிராமில் இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதை எழுதிக்கொடுத்த கம்பெனியே மூடிப்போயிருந்தது. எல்லாவற்றையும் புதிய மென்பொருளுக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. துணைக்கு ரெக்கார்ட் பிரிவு சேட்டனும், பில்லிங்கில் இருந்த கொங்கணிப் பெண்ணும்.

முதலில் பிரதி எடுத்து வைப்பது, பிறகு கொஞ்சத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது, சரியாக வந்தால் ஓ.பி. இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் மாற்றுவது. இதுதான் திட்டம். முதல் சோதனையிலேயே எல்லோருடைய பிறந்தநாளும் ஜனவரி ஒன்று என்று வந்து நின்றது. பழையதில் வயது மட்டுமே இருந்ததால் புதியது தானாக ஒரு தேதியைப் போட்டுக்கொண்டிருந்தது.

சேட்டன் விழுந்து விழுந்து சிரித்தார். "எந்தா மோளே, மட்டாஞ்சேரி முழுவன் ஒரே திவசமோ ஜனிச்சது?"

அதைச் சரிசெய்தோம். அடுத்த தலைவலி, ஒரே ஆளுக்கு இருந்த இரண்டு மூன்று பதிவுகள். முகவரியும் போன் எண்ணும் வயதும் ஒத்துப்போய், பெயரும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அப்படி வந்த ஒரு ஜோடியில், ஒன்றில் மட்டும் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றிருந்தது. தமிழ்ப் பெயர். நானே போன் செய்தேன்.

"மாமி, உங்க பேர்ல ரெண்டு பதிவு இருக்கு. ஒண்ண எடுத்துடட்டுமா?"

"அய்யோ, எடுத்துடாதே கேட்டயா! மத்தது எங்க அக்காவாக்கும். நாங்க ரெட்டை."

பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது. "யாரைடி எடுக்கறா?"

"உன்னைத்தான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. "பென்சிலின் யாருக்கு மாமி ஒத்துக்காது?"

"அவளுக்கு. ஒரு தடவை ஊசி போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கிப்போச்சு. எனக்கு அது ஒரு குழப்பமும் பண்ணாது."

சிரிப்பு நின்றுவிட்டது. சந்தேகமான ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்காமல் எதையும் சேர்ப்பதில்லை என்று அன்றே திட்டத்தை மாற்றினேன். நாள் இழுக்குமே என்று மேனேஜர் முகம் சுளித்தார். பென்சிலின் கதையைக் கேட்ட பெரிய டாக்டர், "கூப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க மூவரும் போனும் கையுமாக இருந்தோம். சேட்டன் மலையாளத்தில், நான் தமிழில், அவள் கொங்கணியில். குஜராத்தி வீடுகளை அவளுடைய இந்தி சமாளித்தது. பக்கத்துக் கிடங்கிலிருந்து சுக்கு வாசனை ஈரத்தோடு உள்ளே வரும். சாயா ஆறிப்போகும். கேள்வி ஒரு வரிதான். பதிலில் மருமகள், முழங்கால் வலி, ஒழுகும் கூரை எல்லாம் வரும். ஓர் அம்மா, கணவர் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, "பேரு அங்கேயே இருக்கட்டும் மோளே, அழிக்காதே" என்றார். அழிக்கவில்லை. காலமானார் என்று குறித்து, பெயரை விட்டுவைத்தோம்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினோம். பழைய திரையிலிருந்து சேட்டன் நினைத்த பெயரை வாசிக்க, புதிய திரையில் நான் தேடிச் சொன்னேன். எல்லாம் ஒத்துப்போயின. மறுநாள் வழக்கம்போல வரிசை நகர்ந்தது. யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

"ஆரும் ஒண்ணும் சோதிச்சில்லல்லோ," என்று சேட்டன் குறைப்பட்டுக்கொண்டார். யாருமே எதுவும் கேட்கவில்லையே என்ற வருத்தம் அவருக்கு. எங்கள் வேலை ஜெயித்ததற்கு அதுதான் அடையாளம் என்று சொல்லிப் பார்த்தேன், சமாதானமாகவில்லை. கொங்கணிப் பெண் சாயாவோடு தின்னப் பழம்பொரி வாங்கி வந்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

இப்போது நகரத்தின் மறுகோடியில், காக்கநாட்டில், கண்ணாடிக் கட்டிடம் ஒன்றில் இதே வேலை. அன்றையதைவிட எவ்வளவோ பெரிய மாற்றங்கள், சத்தமில்லாமல் முடிந்துவிடுகின்றன. அந்த விவரங்களுக்குப் பின்னால் இருக்கும் ஒருவருடைய குரலைக்கூட நான் கேட்டதில்லை.