பாப்பம்மாள் காட்டு ரை

இது பூம்பாறையில் நடந்த கதை, சத்தியம். என்ன, நான் சொல்லும்போது மழை கொஞ்சம் கூடப் பெய்யும், புல் ஒரு முழம் கூட வளரும். அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

பாப்பம்மாளின் பூண்டுக்காடு சரிவில் மேல் அடுக்கு. அதை ஒட்டிய கீழ் அடுக்கு அவள் கொழுந்தன் சின்னக்கருப்பனுடையது. பூண்டு பிடுங்கி நிலம் மொட்டையாகக் கிடக்கிற நேரம் பார்த்து ஐப்பசி மழை இறங்கும். மேலே இருக்கிற நல்ல மண்ணெல்லாம் கரைந்து கீழே போகும். போன மண் விழுந்த இடத்துக்காரனுக்குத்தான் என்பது ஊர் வழக்கம். அதனால் சின்னக்கருப்பன் பூண்டு தேங்காய் மாதிரி விளைந்தது. அவளுடையது சுண்டைக்காய் மாதிரி.

இன்னும் ஒரு மழை போனால் பாறைதான் மிச்சம் என்று பயந்துபோய், யாரோ சொன்னதைக் கேட்டு இந்த வருசம் ரை விதைத்தாள். ரை என்பது கோதுமைக்குச் சித்தப்பன் மகன். குளிரில் குதித்து வளரும், வேரால் மண்ணைக் கவ்விக்கொள்ளும். அடுத்த பூண்டு போடுமுன் மடக்கி உழுதால் உரம்.

"என்ன மதினி, பூண்டுக்காட்டுல புல்லு வெதைக்கிறீங்க? எருமை வாங்கப் போறீங்களா?"

"ஆமா கொழுந்தனாரே, ஒங்களத்தான் கட்டிப்போடணும்."

ரை முட்டளவு வந்தபோது, மகள் பிரசவத்துக்காக பாப்பம்மாள் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பேரன் பிறந்த அன்றைக்கு வானம் பொத்துக்கொண்டது. சின்னக்கருப்பன் போன் போட்டான்.

"மதினி, நீங்க நிம்மதியா இருங்க. ஒங்க காட்டுல புல்லு மண்டிக் கெடக்கு. நாளைக்கு வெள்ளனே எறங்கி வெரசா புடுங்கிப்புடுறேன்."

வீட்டில் பிரசவம் என்றால் சொந்தக்காரன் களையெடுத்துக் கொடுப்பது முறைதான். 'ஐயய்யோ' என்று அவள் வாய் திறப்பதற்குள் சிக்னல் செத்தது.

"ஏம்மா, பேரனவிட ஒனக்குப் புல்லா பெருசு?" என்றாள் மகள்.

"பேரன் எங்கயும் ஓட மாட்டான்டி. மண்ணு ஓடிரும்!"

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். வழியெல்லாம் ஓடைகள் செக்கச்செவேலென்று ஓடின. இதில் எது தன் மண்ணோ என்று பாப்பம்மாள் ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

காட்டுக்கு வந்தால், வரப்பில் சின்னக்கருப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். பிடுங்கியது ஒரே ஒரு வரிசை. மற்றதெல்லாம் பச்சைக் கம்பளம் மாதிரி நிற்கிறது. மேல் அடுக்கிலிருந்து வடிகிற தண்ணீர் முகம் பார்க்கலாம் போலத் தெளிவு.

"என்னா வேரு மதினி இது! நான் ஒரு இழுப்பு இழுத்தா அது என்னைய முழங்கை வரைக்கும் உள்ள இழுக்குது."

பாப்பம்மாள் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"அப்ப இந்த வருசம் எனக்கு மண்ணு?" என்றான் அவன் மெதுவாக.

"மண்ணு கெடையாது. இடுப்புக்குத் தைலம் வேணா தாரேன்."

இதை நேற்று களத்தில் பூண்டுத்தாள் நறுக்கும்போது சொன்னேன். அவன் இறங்கியது உதவிக்கா, மண்ணுக்கா என்று எவனோ கேட்டுத் தொலைத்தான்.

"உதவிக்குத்தான்! நல்லதுக்குக் காலமில்ல" என்றார் கீழ்க்காட்டுப் பொன்னுவேல்.

"அடேயப்பா! இத்தன வருசம் எங்க மண்ணத் தின்ன வாயாச்சே, அப்படித்தான் பேசும்" என்று எழுந்தாள் மேல்காட்டு வீரம்மாள்.

"யாரு வாயிடீ?"

"ஒன் வாயிதான்யா! மொத எம்மண்ணக் கூடையில அள்ளியாந்து கொட்டு!"

அதற்குமேல் நான் எங்கே கதை சொல்ல? தலைக்கு மேல் பூண்டு பறந்துகொண்டிருந்தது.