கார்முகில், ஏ1

வாக்கியமாகச் சேர்ந்து நிற்கிற எழுத்துகளை உதயசூரியன் அண்ணன் சட்டை செய்வதில்லை. பெயருக்குப் பின்னால், புள்ளி வைத்துக்கொண்டு, தனியாக நிற்கிற எழுத்துகளைக் கண்டால்தான் அவருக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

அறந்தாங்கியில் நான் டிசைன் வேலை பார்க்கிற பிளக்ஸ் கடைக்கு அவர் நிரந்தர வாடிக்கையாளர். கத்தாரில் பதினோரு வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, ஆவுடையார்கோயில் ரோட்டில் சிமெண்டுக் கடை வைத்திருக்கிறார். கடை திறப்புக்குப் பிளக்ஸ், தங்கச்சி கல்யாணத்துக்குப் பிளக்ஸ், ஊரில் யார் செத்தாலும் பிளக்ஸ். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, மானிட்டரில் விரலை வைத்து, யார் பெயருக்குப் பின்னால் என்ன வரவேண்டும் என்று சொல்வார். மைத்துனர் வசந்த்துக்கு பி.இ. சித்தப்பா மகனுக்கு டி.எம்.இ. இன்னொருத்தர் பி.எஸ்சி.யை முடிக்கவில்லையே என்று நான் தயங்கியபோது, "ரெண்டு வருசம் போனான்ல, போடு" என்றார். அவர் பெயருக்குப் பின்னால் மட்டும் 'கத்தார்' என்று வரும்.

அவர் எட்டாவதோடு நின்றவர். படித்த காலத்தில் பரீட்சை முடிந்ததும் சார் எல்லாரையும் வெளியே நிறுத்தி, ரேங்க் வரிசைப்படி பெயர் கூப்பிடுவாராம். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக உள்ளே போய் உட்காரலாம். கடைசியில் வெயிலில் இவர் மட்டும் நிற்பார். ஐந்தாம் வகுப்பு முழுக்க அப்படியே போயிற்று என்று டீ குடித்துக்கொண்டே சிரித்துச் சொல்வார். கேட்கிறவன், இந்த மனுஷன் தன் பிள்ளையை அந்த வெயிலில் நிறுத்தமாட்டார் என்று நினைப்பான். நானும் நினைத்தேன். தன்னை அடித்த கம்பைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து, வாசலில் நட்டு, பொட்டு வைத்துக் கும்பிடுகிற ஆட்களும் உண்டு என்பது அப்போது தெரியாது.

மகள் கார்முகிலுக்கு ஆறு வயசு, ஒன்றாம் வகுப்பு. அவள் படிக்கிற தனியார் பள்ளியில் ஏ1 தொடங்கி இ2 வரை ஒன்பது தரம் போடுகிறார்கள். விழுந்த பல் முளைக்காத பிள்ளைகளுக்கு ஒன்பது ரகம். எங்கள் பக்கத்து மண்டியில் வெங்காயத்தைக்கூட மூன்று ரகத்துக்கு மேல் பிரிப்பதில்லை.

அண்ணன் கத்தாரிலிருந்து வரட்டும், வரட்டும் என்று தள்ளிப்போன காதுகுத்துக்கு ஒருவழியாக நாள் குறித்தார்கள். குலதெய்வம் கோயில் திடலில் பந்தல். பன்னிரண்டடிக்கு எட்டடி பிளக்ஸ். நடுவில் பாப்பா, இரண்டு பக்கமும் மாமன்மார், மாமன்மாரின் பெயருக்குப் பின்னால் பட்டங்கள். பாப்பா பெயருக்குப் பின்னால் வெறும் இடம். அண்ணன் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏ1-னு போடுப்பா."

ரேங்க் கார்டு வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"வரும்ல. எம்புள்ள வாங்காம வேற யாரு வாங்குவா? போடு."

போட்டேன். மஞ்சள் எழுத்து, சிவப்பு விளிம்பு. திடலில் பிளக்ஸைக் கட்டிய மறுநாள் கார்டு வந்தது. தமிழ் சி2. கணக்கு சி2. மொத்தத்தில் சி2.

வேறு யாராக இருந்தாலும் பிளக்ஸைத் திருத்தியிருப்பார்கள். அண்ணன் கார்டைத் திருத்துவதற்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிளக்ஸை ஊரே பார்த்துவிட்டது, கார்டை இன்னும் ஒருத்தரும் பார்க்கவில்லை என்பது அவர் நியாயம்.

வகுப்பு டீச்சர் சுகுணா மாட்டேன் என்றுவிட்டார். நடந்ததை அண்ணனே கடைக்கு வந்து, குரலை மெலிதாக்கி நடித்துக் காட்டினார்.

"'கிரேடு ஸ்கூல்ல போடச் சொல்றாங்க, போடுறோங்க சார். நீங்க அதப் பாக்காதீங்க. கீழ எழுதியிருக்கேன்ல, அதப் பாருங்க'ங்குது அந்தம்மா. கீழ பாக்கவாப்பா பீஸு கட்டுறேன்?"

முதலாளி பிச்சைமுத்து சிரித்தார். அண்ணன் கார்டை என் மேஜையில் வைத்தார். ஸ்கேன் பண்ணி, சி2 இருக்கிற இடத்திலெல்லாம் ஏ1 ஆக்கி, மூன்றடிக்குப் பெரிதாக்கித் தரவேண்டும். மேடையில் வைக்கப்போகிறாராம்.

திரையில் பெரிதாக்கியபோதுதான் கீழே இருந்ததைப் படித்தேன். நீல மையில், இருந்த கொஞ்ச இடத்துக்குள் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது: 'பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் நன்றாக வாசிக்கிறாள். முன் பெஞ்சில் இருந்தும் போர்டில் உள்ளது தெரியவில்லை. உடனே கண் டாக்டரிடம் காட்டவும்.'

அந்த அட்டையில் கார்முகிலைப் பற்றி இருந்தது அந்த மூன்று வரிதான். ஒன்றாம் வகுப்புக்குக் கேள்விகளைப் போர்டில்தான் எழுதிப்போடுவார்கள். பெஞ்சுக்கும் போர்டுக்கும் நடுவே இருந்த தூரத்துக்கு ஒரு தரம் போட்டு, அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, பிள்ளையின் தலையில் கட்டியிருந்தார்கள். எழுத்து அத்தனை பெரிதாக இருந்தால் அதற்குக் கீழே யார் குனிந்து பார்ப்பார்கள்?

எனக்குச் சத்தமாகப் பேச வராது. அந்த வரிகளின் மேல் விரலை வைத்து, "அண்ணே, பாப்பாவுக்குக் கண்ணு..." என்றேன்.

"அந்தக் கிறுக்கலயும் அழிச்சிரு. ஏ1 வாங்குன புள்ளைக்குக் கீழ என்னத்துக்கு ஒரு கொறை?"

முதலாளி என்னைப் பார்த்தார். சி2-வை மாற்ற நாலு நிமிஷம் பிடித்தது. மூன்று வரியை அழிக்க ஒரு நொடி. அழித்தது நான்தான், அதையும் எழுதிவிடுகிறேன்.

விசேஷத்தன்று கடையிலிருந்து நானும் போயிருந்தேன். தாய்மாமன் வசந்த்தின் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு, அழுது முடித்து, வாயில் மிட்டாயோடு மேடையில் நின்றாள் பாப்பா. பின்னால் மூன்றடி ரேங்க் கார்டு. அண்ணனுக்கு அதோடு விட மனமில்லை. மைக்கை அவள் கையில் கொடுத்து, திடலின் எதிர்ப்பக்கம் கட்டியிருந்த பிளக்ஸைக் காட்டினார்.

"மாமன் பேரெல்லாம் வாசிங்க பாப்பா. சத்தமா."

பாப்பா பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "எங்கப்பா இருக்கு?" என்று மைக்கிலேயே கேட்டாள்.

பன்னிரண்டடிக்கு எட்டடி. கூட்டம் சிரித்தது. பிள்ளை கூச்சப்படுகிறாள் என்று சமாளித்தார் அம்மா ரஞ்சிதா. பாப்பாவுக்குக் கூச்சம் ஒன்றுமில்லை. மேடையை விட்டு இறங்கி, அப்பா கை நீட்டிய திக்கில் நடந்தாள். மைக் ஒயர் இழுபட்டது. ரேடியோ செட்காரர் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துவிட்டார். பந்தியில் இருந்தவர்கள் கையில் சோற்றோடு திரும்பிப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூக்கு ஒட்டுகிற தூரத்துக்குப் போய் நின்றாள். அப்புறம் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, தன் உயரத்துக்கு எட்டிய பெயர்களையெல்லாம் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். வசந்த் பி.இ. கடைசியாக நடுவுக்குத் திரும்பி வந்து, கார்முகில் ஏ1. ஒரு பிழை இல்லை.

கை தட்டினார்கள். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். வசந்த் மட்டும் தட்டவில்லை.

"மச்சான், புள்ளைக்குக் கண்ணு தெரியலை."

"அட போங்க மாப்ளை. கண்ணு தெரியாமயா ஏ1 வாங்குனா?" என்று மேடையில் இருந்த கார்டைக் காட்டினார் அண்ணன்.

நடிக்கவில்லை, நிஜமாகவே அதைத்தான் ஆதாரமாகக் காட்டினார். நாலு நாளில் தன் திருட்டைத் தானே நம்பத் தொடங்கியிருந்தார். சாமியாடிக்குக்கூட சாமி மலையேறின பிறகு கொஞ்சம் நினைவு வரும்.

ஒரிஜினல் ஸ்கேன் என் போனில் இருந்தது. பேச வராதவனுக்கு அது ஒரு வசதி. வசந்த்தின் கையில் கொடுத்தேன். அவர் கீழே இருந்த மூன்று வரியை இரண்டு முறை படித்தார். போனைத் திருப்பித் தந்துவிட்டு, அக்காவைத் தேடிப் போனார். திங்கட்கிழமை இருவரும் பாப்பாவைப் புதுக்கோட்டைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனதாகக் கேள்விப்பட்டேன். அண்ணனுக்குக் கடையில் லோடு இறக்குகிற வேலை இருந்ததாம்.

போன வாரம் அண்ணன் பாப்பாவோடு கடைக்கு வந்தார். பிறந்தநாள் பிளக்ஸ். புதுப் படத்தில் பாப்பா தடிமனான கண்ணாடி போட்டிருந்தாள். அழிக்கச் சொல்வார் என்று மவுஸில் கை வைத்துக் காத்திருந்தேன்.

"கண்ணாடி இருக்கட்டும்ப்பா. டாக்டருக்குப் படிக்கிற புள்ள மாதிரி இருக்குல்ல?"

பெயருக்குப் பின்னால் விரலை வைத்தார். அடுத்த கார்டு வர இன்னும் பத்து நாள் இருக்கிறது.

பாப்பா வாசல்படியில் நின்று, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த போர்டுகளை ஒன்று விடாமல் உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். உரக்கடை, சலூன், மருந்துக்கடை, நிற்காமல் போன திருமயம் பஸ்.

"செத்த சும்மா இரு பாப்பா" என்றார் அண்ணன், திரும்பிப் பாராமல். "அப்பா ஒனக்குக் கிரேடு போட்டுக்கிட்டு இருக்கேன்ல."