சந்தனம் பூசிய பிஸ்டல்

பர்மிய ஊரான தாமுவேயில் குதிரைவண்டிகள் வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த தண்டபாணிக்கு ஒரு கோளாறு உண்டு. எதைக் கண்டாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டினார். அது அன்றிலிருந்து தன் இஷ்டத்துக்கு மணி அடித்தது. மனைவி சொர்ணம்மாளின் தையல் மிஷினைப் பிரித்தார். மறுபடி மாட்ட வெளியாள் வர வேண்டியதாயிற்று. அப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சர்க்கார் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்தது. கொடுத்த அதிகாரியைத்தான் சொல்ல வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. 1926ஆம் ஆண்டு மழைக்காலம் தொடங்கும்போது, தின்கன்ஜூன் பாதையில் அவருடைய வண்டி ஒன்றைக் கொள்ளையர்கள் மறித்து, ஓட்டி வந்தவனின் தோளில் வெட்டிவிட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தப் பாதையில் ஓட்ட வேறு யாரும் வரவில்லை. தண்டபாணியே ஓட்டப் புறப்பட்டார்.

லைசென்ஸ் ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான். ரிவால்வரா, பிஸ்டலா? மழைக்காலம் முழுக்க இதே யோசனை. பீர் முகைதீனின் துப்பாக்கிக் கடைக்கு அவர் நடந்த நடைக்கு வேறு கடைக்காரராக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்.

“ரிவால்வர்னா வம்பில்ல அண்ணே,” என்றார் பீர் முகைதீன். “இந்த உருளையத் திறந்தா ஆறு ஓட்டை. தோட்டா இருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியும். ஒண்ணு வெடிக்கலேன்னாலும் மறுபடி விசைய இழுங்க, அடுத்தது வந்து நிக்கும்.”

“பிஸ்டல்?”

“தட்டையா இருக்கும். இடுப்புல சொருகினா வெளிய தெரியாது. தோட்டாப் பெட்டி கைப்பிடிக்குள்ள போயிரும். சுட்டதும் காலித் தோட்டாவ அதுவே வெளிய தள்ளும், அடுத்தத அதுவே ஏத்திக்கும்.”

“அதுவேவா, பாய்?”

அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. ஆனாலும் மனிதர் விடவில்லை. மழையில் நனைந்தால் எது முதலில் மக்கர் பண்ணும்? ஈரக் கையில் எது வழுக்கும்? வில் தளர்ந்துபோனால் என்ன ஆகும்? பீர் முகைதீன் பொறுமைசாலி. ரிவால்வர் முரட்டுப் பயல், எதையும் தாங்கும். பிஸ்டலுக்குத் தூசியும் பிசுக்கும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தார். எல்லாம் கேட்டுவிட்டுத் தண்டபாணி பிஸ்டலைத்தான் வாங்கினார்.

“ஒண்ணு மட்டும் மறக்காதீங்க அண்ணே. பெட்டிய உருவினதோட வேலை முடியல. மேல இருக்கிற இந்த இரும்பப் பின்னால இழுத்து உள்ள பாருங்க. குழல்ல ஒரு தோட்டா தங்கியிருக்கும்.”

தண்டபாணி தலையாட்டினார். பல நாள் அப்படியே செய்தும் வந்தார்.

ஆயுத பூஜை வந்தது. சாமி படத்துக்கு முன்னால் சவுக்கு, லாடம் அடிக்கும் சுத்தியல், தையல் மிஷின் எல்லாவற்றையும் சொர்ணம்மாள் வரிசையாக வைத்தாள். நிஜமான ஆயுதம் வீட்டில் இருக்கும்போது அதை விடலாமா? தண்டபாணி தோட்டாப் பெட்டியை உருவித் தனியே வைத்துவிட்டு, பிஸ்டலை நடுவில் வைத்தார். சொர்ணம்மாள் கஞ்சத்தனம் பார்க்காமல் அதற்குச் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தாள். பூஜையில் வைத்ததை அன்றைக்கு யாரும் தொடக் கூடாது. அது அப்படியே இருந்தது.

மறுநாள் காலை பூஜை முடிந்ததும் எடுத்துப் பார்த்தால், மேல் இரும்பு அசையவில்லை. சந்தனம் இடுக்கெல்லாம் இறங்கிக் காய்ந்து இறுகியிருந்தது.

“கெட்டுப்போச்சாங்க?” என்று கேட்டாள் சொர்ணம்மாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி அப்பட்டமாகத் தெரிந்தது.

“இதெல்லாம் கெடுற சாமானா? விசை வேலை செய்யுது பாரு.”

“ஐயோ, என் பக்கம் காட்டாதீங்க.”

“உள்ள ஒண்ணுமில்ல சொர்ணம். பெட்டிதான் வெளிய கிடக்கே.”

பூஜைக்கு முந்தின வாரம் தின்கன்ஜூன் பாதையில் இரண்டு பேர் குறுக்கே வந்தபோது, அவர் குழலுக்குள் ஒரு தோட்டாவை ஏற்றிவைத்திருந்தார். அந்த இருவரும் வழி கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தோட்டா உள்ளேயே இருந்தது. இழுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இழுக்கத்தான் முடியவில்லையே என்று, பெரிய மெக்கானிக் போல, விசையை இழுத்துக் காட்டினார்.

வெடித்தது. குடத்தின் வாயோரம் பிய்ந்து பறந்தது. தண்ணீர் கொட்டி அவள் சேலையெல்லாம் நனைந்தது. அது தண்ணீர்தானா என்று பார்ப்பதற்குக்கூடத் தண்டபாணியால் எழுந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதார். நனைந்த சேலையோடு வந்து அவர் கையிலிருந்த பிஸ்டலை வாங்கிக் கீழே வைத்தவள் சொர்ணம்மாள்தான். “எனக்கு ஒண்ணும் ஆகலைங்க,” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அதிகாரியிடம் அனுமதி வாங்கி, பிஸ்டலைக் கொடுத்துவிட்டு ரிவால்வர் வாங்கிக்கொண்டார். பீர் முகைதீன் என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கும் தண்டபாணி, ரிவால்வரின் ஆறு ஓட்டையையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு முறை துடைக்க எடுக்கும்போதும் உருளையைத் திறந்து, எல்லாத் தோட்டாவையும் பாயில் கொட்டி, ஓட்டைகளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டுவார்.

“பாரு சொர்ணம், ஒண்ணுமில்ல.”

அவள் குனிந்து பார்ப்பாள். “ஆமாங்க, ஒண்ணுமில்ல,” என்பாள். சொல்லிக்கொண்டே கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாள்.