அண்ணை ஒழுங்குபடுத்திய கராச்

வெங்காயம் வேர்த்தால் ஒரு மணம் வரும். அழுகல் மணமல்ல, அதற்கு முந்தினது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, ஈரச் சாக்கைப் பூட்டிய அறைக்குள் மறந்துவிட்டுப் போனதுபோல ஒரு வெக்கை. சந்தையிலோ பஸ்ஸிலோ யாருடைய பையிலிருந்தாவது அது மூக்கில் ஏறினால் போதும், இருந்த இடத்தில் இருக்க மாட்டேன். கால் எங்கள் கராச்சுக்கு ஓடப் பார்க்கும்.

அண்ணை கனடாவிலிருந்து வந்து நின்ற ஐப்பசி. சோளகக் காற்று ஓய்ந்துவிட்டது, வாடைக் காற்று இன்னும் பிறக்கவில்லை. வாழையிலைகூட அசையாத நாட்கள். வானம் மட்டும் தினமும் கறுத்துக் கறுத்து, பெய்யாமல், எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கராச் அப்பா காருக்கென்று கட்டியது. கார் போய்க் கனகாலம். இப்போது அதற்குள் தண்ணீர் இறைக்கும் மிசின் இருக்கும், மண்வெட்டி, அலவாங்கு, உரப்பை, விறகு, தேங்காய், என் கணவர் ஒருநாள் திருத்துவார் என்று நான் நம்புவதை நிறுத்திவிட்ட மோட்டார் சைக்கிள். இவையெல்லாம் தரையில். தலைக்கு மேலே, சுவருக்குச் சுவர் போட்ட கம்புகளில், பிடி பிடியாகக் காய்ந்த இலைத் தாளோடு கட்டித் தொங்கும் விதை வெங்காயம். மழை ஓய்ந்து மண் பொருபொருக்கத் தொடங்க அதைத்தான் நடுவேன். வாங்கிய விதை இல்லை அது. என் தோட்டத்தில் விளைந்து, என் கராச்சில் உறங்கி, திரும்ப என் மண்ணுக்கே போகிற விதை. எத்தனை போகமாக அப்படி வந்து போகிறது என்று எனக்கே தெரியாது. ஒரு மாரியில் அது போனால் போனதுதான். வேறு யாரிடமும் போய் என் வெங்காயத்தைத் தாருங்கள் என்று கேட்க முடியாது.

"மாரிக்கு முன்னம் உந்தக் கராச்சை ஒருக்கா ஒழுங்குபடுத்த வேணும்" என்று சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். அண்ணை நிமிர்ந்தார். வந்த நாளிலிருந்து செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் கதிரை கதிரையாக மாறி இருந்தவருக்கு, கைக்கு உயிர் வந்துவிட்டது.

"நீ விடு, பிள்ளை. அங்கை ஒவ்வொரு வின்ரர் குளிருக்கும் நான் செய்யிற வேலை. நீ வந்து பார், உன்ரை கராச்தானோ எண்டு கேப்பாய்."

எனக்கு வவுனியாவில் ஒரு கலியாணம் இருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று போனேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, உண்மையைச் சொல்லவேண்டும், வாயைப் பிளந்தேன். சுவர் முழுக்கக் கொளுக்கி. மண்வெட்டிகள் உயரப்படி வரிசை கட்டித் தொங்கின. மிசினின் எண்ணெயை வடித்து, துடைத்து, கல் அடுக்கி அதன்மேல் ஏற்றியிருந்தார். கூரைத் தகரத்தில் எப்போதும் ஒழுகும் மூலைக்குத் தாரும் பூசியாயிற்று. பின்னால் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு மணம் வந்தது. தலையை உயர்த்தினேன். கம்புகள் வெறுமையாக இருந்தன.

"அண்ணை, வெங்காயம் எங்கை?"

"அங்கை பார்."

மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள். ஒன்றின்மேல் ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக.

"தாளெல்லாம் கத்தரிச்சுத் துப்பரவாய்ப் போட்டிருக்கிறன். பல்லிகூட உள்ளுக்குப் போகாது."

"பல்லி போகாது. காத்தும் போகாது."

அப்போதுதான் மற்றதையும் கண்டேன். சுவரின் மேலே காற்றுக்கென்று அப்பா விட்ட ஓட்டைகள் அத்தனையும் ஸ்பொஞ்ச் திணித்து, பொலித்தீன் ஒட்டி அடைக்கப்பட்டிருந்தன. கதவின் அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஆணி அடித்திருந்தார். கூதல் நாட்டுக் கராச். வெளியே பனி வந்து நிற்பதைப்போல எங்கும் அடைப்பு.

ஒரு பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்பக்கம் முத்து முத்தாய் வேர்வை.

"ஒரு சொட்டு ஈரம் உள்ளுக்கு வராது" என்றார் அண்ணை, இன்னும் விளங்காமல்.

"உள்ளுக்கை இருக்கிற ஈரம் எந்தப் பக்கத்தாலை வெளியிலை போறது?"

என் கணவர் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

"நீங்கள் பாத்துக்கொண்டோ நிண்டனீங்கள்?"

"மச்சான் செய்யேக்கை நான் என்னெண்டு வேண்டாம் எண்டு சொல்லுறது?"

"ஏணியைப் பிடிச்சது ஆர்?"

கொஞ்சம் யோசித்தார். "நான்தான்."

வருஷக் கணக்கில் என் வெங்காயத்தோடு குடியிருக்கிற மனுசன். தாள் வெட்டினால் தொங்கவிட முடியாதென்று நித்திரையிலும் சொல்லுவார். வெளிநாட்டிலிருந்து வந்த மனைவியின் தமையன் கத்தரிக்கோல் எடுத்தால் மட்டும் மரியாதைக்கு ஏணி பிடிப்பார். எங்கள் ஊரில் எத்தனை வீடுகள் இப்படி மரியாதையாலேயே பாழாய்ப் போயிருக்கும்.

அண்ணையின் முகம் சிவந்தது. "இவ்வளவு காலமாய்ப் பனிக்குள்ளை கராச் வைச்சிருக்கிறவன் நான். எனக்கு நீ படிப்பிக்கிறியோ?"

"உங்கடை கராச்சுக்குள்ளை உயிரோடை என்ன இருக்கு அண்ணை? காரும் பனி வழிக்கிற சவளும். இதுக்குள்ளை என்ரை அடுத்த போகம் கிடக்கு."

குரலை நான் தாழ்த்தவில்லை. தாழ்த்தியிருந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று ஆகியிருக்கும். நாளைக்கு என்பது வெங்காயத்துக்குக் கிடையாது. அவருடைய குளிர் வெளியே நின்று கதவைத் தட்டுவது. எங்கள் மாரி அப்படியா? தரையால் ஊறும், சுவரால் கசியும், சட்டைப் பொத்தானுக்குள் இருக்கும், அரிசிக்குள் இருக்கும். வந்தவள் போகட்டும் என்று வழி விட்டுத்தான் அவளோடு இருக்கவேண்டும்.

அண்ணை வெளியே போய்விட்டார். நான் பெட்டிகளை ஒவ்வொன்றாக முற்றத்துக்கு இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து பொலித்தீன் கிழிகிற சத்தம். ஏணியில் அண்ணை. ஸ்பொஞ்சைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார், எனக்குக் கேட்கட்டும் என்று புறுபுறுத்தபடி. "நல்லது செய்ய வந்தவனுக்கு... நல்லது செய்ய வந்தவனுக்கு..." கடைசி ஓட்டை திறந்ததும் கீழே பார்த்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கொட்டு!" என்றார்.

சாக்கு விரித்துக் கொட்டினோம். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அமத்திப் பார்ப்பது. கல்லுப்போல இருந்தால் இந்தப் பக்கம், அமுங்கினால் அந்தப் பக்கம். அண்ணை ஒவ்வொன்றையும் அமத்திவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இது?"

"விதை."

"இது?"

"உங்களுக்கு இரவைக்குச் சம்பல்."

"எல்லாத்தையும் என்ரை தலையிலை கட்டப் போறாய் போலை."

"கட்டாமல்? நீங்கள் போகுமட்டும் மூண்டு நேரமும் இதுதான்."

அப்போதுதான் சிரித்தார். சிரித்தாலும் கை நிற்கவில்லை. கிழக்கே வானம் ஈயம்போல இறங்கிக்கொண்டிருந்தது. தாளில்லாத வெங்காயத்தை எதில் தொங்கவிடுவது? பன்பாய் விரித்துப் பரப்பலாமோ என்று யோசித்தேன், தரையீரம் ஏறும் என்று விட்டேன். அண்ணை தோட்டத்து வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோழி வராமல் நாங்கள் கட்டியிருந்த பழைய மீன்வலை. போய் அதை அவிழ்த்து வந்தார். அவர் அடித்த கொளுக்கிகளிலேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக இழுத்துக் கட்டினார், பிள்ளையைக் கிடத்தும் ஏணைபோல. அதில் வெங்காயத்தை மெல்லியதாகப் பரப்பினோம். மேலாலும் கீழாலும் காற்று. எனக்கு அது தோன்றியிருக்காது. இப்போது எல்லா வருஷமும் அப்படித்தான் செய்கிறேன், தாளிருந்தாலும்.

கடைசிச் சாக்கைத் தூக்குகையில் மழை விழுந்தது. தகரத்தில் அது போட்ட சத்தத்தில் ஒருவர் கதைப்பது ஒருவருக்குக் கேட்கவில்லை. என் கணவர் அண்ணை தார் பூசிய மூலையைக் காட்டினார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. வாடை, திறந்த ஓட்டைகளால் நேரே உள்ளே வந்து, வலையை ஒரு தரம் அசைத்துவிட்டு, மற்றப் பக்கத்தால் போயிற்று. முக்கால்வாசி விதை தப்பியிருந்தது. முக்கால் எனக்குப் போதும். முக்காலை வைத்து முழுத் தோட்டத்தையும் திரும்பக் கட்டுவேன் என்று எனக்குத் தெரியும். கட்டினேன்.

அண்ணை வெளிக்கிட்ட அன்று விடியவும் மழைதான். விமான நிலையத்துக்குப் பிடித்த வான் ஒழுங்கைக்குள் நின்று ஹோர்ன் அடிக்க, அவர் சப்பாத்தோடு சேற்றை மிதித்துக் கராச்சுக்குள் போனார். வலைக்குள் கைவிட்டு ஒன்றை அமத்தினார், இன்னொன்றை அமத்தினார். வெளியே வந்தபோது முகத்தில் கலக்கம் இல்லை. பயணப் பெட்டியை என் கணவர் ஏற்றினார். வானின் யன்னலைப் பாதி இறக்கி அண்ணை சொன்னார்:

"எடியே, இனி உந்த வெங்காயத்திலை ஆர் கை வைச்சாலும் கையை முறி."

"உங்கடை கையிலை இருந்துதான் தொடங்குவன். அடுத்த மாரிக்கும் வாங்கோ, அண்ணை."