இடது பக்கக் கதவு

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கும் கிளாட்வினுக்கு உலகத்திலேயே பொறாமை என்றால் ஒரே ஒரு ஆள் மேல்தான். அது அவனுடைய சகலை பெலிக்ஸ். மற்றபடி அவன் நல்ல மனுஷன். எதிர்ப் பட்டறைக்காரன் கார் வாங்கியபோது மனசார வாழ்த்திவிட்டு, மாலையும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவன்.

மம்சாபுரம் ஜெபதுரைக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பிளஸ்ஸியை பெலிக்ஸுக்குக் கொடுத்தார். இளையவள் ஜூடியை கிளாட்வினுக்குக் கொடுத்தார். ஜெபதுரை பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பெலிக்ஸும் பட்டாளம்தான், வண்டிகளைப் பழுது பார்க்கிற பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். மாமனாரும் மூத்த மருமகனும் பேச உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நுழைய அதில் வழியிருக்காது. கல்யாணமான நாளிலிருந்து கிளாட்வின் அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டே பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டான்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஓய்வு பெற்று வந்த பெலிக்ஸ், ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து குட்டி டாங்கிகள் செய்ய ஆரம்பித்தார். பெட்டியில் துண்டு துண்டாக வருகிற பிளாஸ்டிக்கை ஒட்டி, பேனா அளவுக்கு இருக்கிற ஏர்பிரஷ்ஷால் பெயிண்ட் அடித்து, அதன்மேல் சேறு, புகை, துரு, எண்ணெய்க் கசிவு என்று ஒவ்வொன்றாக ஏற்றுவார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அப்போதுதான் சண்டையிலிருந்து திரும்பி வந்தது மாதிரி இருக்கும்.

முதல் டாங்கியை மாமனாருக்குத்தான் கொடுத்தார். ஜெபதுரை வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி பீரோ உண்டு. அதன் மேல்தட்டில் அவருடைய பதக்கங்களும், கிளாட்வின் வாங்கிக் கொடுத்த கடிகாரமும் இருந்தன. டாங்கி வந்ததும் கடிகாரம் கீழ்த்தட்டுக்கு, மாத்திரை டப்பாக்களுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"அத்தான் கைக்குத் தங்கக் காப்பு போடணும். சேறு எம்புட்டு அச்சு அசலா இருக்கு, பாருங்க!" என்றாள் ஜூடி.

"நான் முப்பது வருஷமா வண்டியில இருக்க சேத்தைக் கழுவுறேன். எனக்கு ஒருத்தியும் காப்பு போடலை."

"இதுக்குப் போய் ஏன் இப்படி வேகுறீங்க?"

வெந்ததுதான். பெயிண்ட் அடிப்பது யார் தொழில்? பதினாறு வயதில் ஸ்பிரே கன் பிடித்தவன் கிளாட்வின். விபத்தில் நொறுங்கிய காரை, விபத்தே நடக்காத மாதிரி ஆக்கிக் கொடுப்பவன். அந்த வேலையை நேற்று ஆரம்பித்த ஒரு ஆள் மாமனார் வீட்டில் பேர் வாங்குவதா? அவனும் யாருக்கும் சொல்லாமல் ஒரு குட்டி ஜீப்பை வரவழைத்து, நான்கு நாள் ஒட்டி முடித்தான். பட்டறையில் காருக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டை, காருக்கு ஊற்றுகிற அதே தின்னரில் கலக்கி ஒரே வீச்சாக அடித்தான். செத்த நேரத்தில் ஜீப்பின் பானெட் வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி சுருங்கியது. சக்கரம் உள்ளே மடங்கியது. காரின் தகரம் தாங்குகிற தின்னரை அந்த மெல்லிசு பிளாஸ்டிக் தாங்காது என்று அவனுக்கு யார் சொல்ல இருக்கிறார்கள்?

சொல்லக்கூடிய ஒரே ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். ஒரு வாரம் வீம்பாக இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

ஜீப்பைப் பார்த்து பெலிக்ஸ் சிரித்தார். ஆனால் கேலியாகச் சிரிக்கவில்லை. "நானும் முதல்ல இப்படித்தான் ஒண்ணை உருக்கினேன்ல தம்பி. வா, உக்காரு" என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். கிளாட்வினுக்கு அந்த நல்ல குணம்தான் தாங்கவில்லை. அந்த ஆள் கொஞ்சம் அலட்டிக்கொண்டால் திட்டிவிட்டுப் போகலாம். அதற்கும் வழியில்லை.

ஞாயிறுதோறும் போனான். பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைக்கக் கற்றான். பட்டறையில் ஸ்பிரே கன்னை அழுத்திப் பிடித்தே பழகிய விரல், இங்கே மூச்சு விடுகிற அளவுக்குத்தான் காற்றைத் திறக்க வேண்டும். ஒரே வீச்சாக அடிக்கக் கூடாது. பூப்போல ஐந்தாறு தடவை படிய விட வேண்டும். இதெல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. அழுக்காக்குவதுதான் அவனுக்கு வரவில்லை. எதை அடித்தாலும் கல்யாணக் கார் மாதிரி பளபளவென்று நின்றது.

"ஏலே, இது சண்டைக்குப் போற வண்டியா, சப்பரமா?"

"கை கூசுது அண்ணாச்சி. நல்லா அடிச்ச பெயிண்டைச் சொரண்டுன்னா எப்படிச் சொரண்ட?"

"இத்தனை வருஷமா துருவைப் பாத்தவன்தான நீ? அதை எங்கெங்க பாத்தன்னு நெனைச்சுப் பாரு. அங்க வையி."

அதைக் கேட்டதும் அவனுக்குள் என்னவோ திறந்துகொண்டது. கதவின் கீழ் விளிம்பில், தண்ணீர் தேங்குகிற மடிப்பில், ஸ்குரூ தலையைச் சுற்றி என்று துரு பிடிக்கிற இடமெல்லாம் அவன் உளி வைத்துச் சுரண்டிய இடங்கள்தானே! ஸ்பாஞ்சைப் பிய்த்து, கருஞ்சிவப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றிவிட்டு, மிச்சத்தை விளிம்பில் வைத்தான். பெலிக்ஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"துருவுல நீ என்னைய மிஞ்சிட்டல."

அந்தச் சந்தோஷம் அன்று சாயங்காலம்வரைதான் இருந்தது. கிளம்பும்போது பெலிக்ஸ் செய்து காயவைத்திருந்த ஒரு தார்ப்பாயைப் பார்த்தான். டிஷ்யூ காகிதம்தான். ஆனால் மழையில் நனைந்து, பாதி காய்ந்து, மடிப்பில் மட்டும் ஈரம் நிற்கிற தார்ப்பாயாக இருந்தது. வருகிற வழியெல்லாம் கிளாட்வின் எதிரே வந்த லாரிகளின் தார்ப்பாய்களையே பார்த்துக்கொண்டு பைக் ஓட்டினான்.

ஜெபதுரைக்கு எண்பது வயது நிறைவதற்கு ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பதாகப் பேச்சு வந்தது. மாமா ஓட்டிய பட்டாள லாரியைச் செய்து கொடுப்போம் என்றார் பெலிக்ஸ். நானும் ஒன்று செய்கிறேன் என்றான் கிளாட்வின். அவருக்கு அதிலும் மறுப்பில்லை. இரண்டு லாரிப் பெட்டிகளை வரவழைத்து, ஒன்றை அவனிடம் கொடுத்து, மாமாவின் லாரி மாதிரி வர பிளாஸ்டிக் ஷீட்டில் முகப்பை எப்படி வெட்டி மாற்றுவது என்றும் காட்டினார். "எது மாமாவுக்குப் புடிக்குதோ, அது பீரோவுக்குப் போகட்டும்" என்றார். பீரோவில் இன்னும் ஒரு வண்டிக்குத்தான் இடம். இதை இருவருமே அளந்து பார்த்திருந்தார்கள்.

கிளாட்வின் ஒரு காரியம் செய்தான். பட்டறையைப் பூட்டிவிட்டு மாமனாரிடம் நான்கைந்து சாயங்காலம் போய் உட்கார்ந்தான். கால் எங்கே வைத்து ஏறுவீர்கள், முழங்கை எங்கே படும், சேறு எதுவரை ஏறும் என்று கேட்டான். கிழவர் திகைத்துப்போனார். பத்தொன்பது வருஷமாக முறுக்குத் தின்ற மருமகன் கேட்கிற கேள்வியா இது? கேட்கக் கேட்கச் சொன்னார்.

அந்த லாரியில் ஒரு கதவு மட்டும் வேறு பச்சை. அசாம் மலையில் வழுக்கிப் பாறையில் மோதியபோது கதவு நசுங்கி, இனி ஓடாது என்று கண்டம் பண்ணி ஒதுக்கிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றி மாட்டியது. இந்தக் கதை குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்று கிழவர் குரலைத் தாழ்த்தினார்.

"அது இடது கதவு மாப்ளே. அந்தப் பக்கம் தேவதானத்துச் சோலைராஜ் உக்காந்திருந்தான். கால் முழங்காலோட போச்சு. ஓட்டினது நான். இதை யாருட்டயும் சொன்னதில்ல, உங்க மாமியாருட்டகூட."

மறுநாள் பெலிக்ஸ் போன் செய்தார். "தம்பி, மாமா வண்டியில கதவு மாத்தினதாச் சொல்லுவாருல்லா, அது எந்தப் பக்கம்? நானே கேட்டா கண்டுபுடிச்சிருவாரு. நீ பக்கத்துல இருக்க, சும்மா பேச்சுவாக்குல கேட்டுச் சொல்லேன்."

கிளாட்வின் பட்டறை வாசலில் நின்றான். நாக்கில் இடது என்றுதான் இருந்தது. அந்தத் தார்ப்பாய் கண்முன் வந்தது.

"டிரைவர் பக்கம், அண்ணாச்சி" என்றான்.

கூட்டத்தன்று வீடு நிறைய ஆட்கள். பாஸ்டர் ஜெபம் பண்ணி, பாட்டுப் பாடி, கேக் வெட்டி முடிந்ததும் இரண்டு லாரிகளையும் மேசைமேல் வைத்தார்கள். கூட்டம் அப்படியே பெலிக்ஸின் லாரிப் பக்கம் சாய்ந்தது. தார்ப்பாய், அதன் கயிறு, டயர் பள்ளத்தில் ஒட்டிய சேறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு 'அடேயப்பா'. கிளாட்வின் லாரியைப் பார்த்த ஒரு அம்மாள், "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த 'உம்' அவனைச் சுட்டது.

ஜெபதுரை வந்து குனிந்து பார்த்தார். பெலிக்ஸின் லாரியைக் கையில் எடுத்தார். வலது கதவில் விரல் நின்றது.

"டிரைவர் கதவு நசுங்கியிருந்தா நான் இன்னைக்கு எண்பது வயசு கொண்டாடுவனாய்யா?"

கூட்டம் சிரித்தது. கிழவர் சிரிக்கவில்லை. லாரியை வைத்துவிட்டு கிளாட்வினின் லாரியைத் திருப்பினார். இடது கதவு வேறு பச்சையாக இருந்தது. கீழ் விளிம்பில் துரு. வலது ஜன்னல் ஓரத்தில் முழங்கை தேய்த்த இடம். அவர் கண் கலங்கியது.

"இது என் வண்டி" என்று பீரோவைத் திறந்தார். திறந்தவர் நின்றார். "மாப்ளே, இவருகிட்ட நீங்க சொல்லலையா? ரெண்டு பேரும் சேந்துதான செஞ்சீங்க?"

கிளாட்வின் வாயைத் திறக்குமுன் பெலிக்ஸ் முந்திக்கொண்டார். "நான் கேக்கலை மாமா. எம் புத்தி. நானா ஒண்ணை நெனைச்சுச் செஞ்சுட்டேன்."

சொன்னபோது அவர் கிளாட்வினை ஒரு பார்வை பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. இதிலும் இந்த ஆள்தான் மேலே போகிறார் என்று கிளாட்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனசாட்சி என்று சொல்வதா, அந்த எரிச்சல் என்று சொல்வதா, சத்தமாகவே சொல்லிவிட்டான்.

"பொய் சொல்லுதாரு மாமா. கேட்டாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

ஜூடி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெபதுரை இளைய மருமகன் பக்கம் திரும்பினார்.

"அந்தக் காலை வச்சா விளையாடினீங்க?"

கிளாட்வினின் லாரியை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பெலிக்ஸின் லாரியையும் எடுத்து அதன்மேல் வைத்தார். "இவரு வண்டியில ரெண்டு கதவையும் நீங்களே சரி பண்ணிக் கொண்டாங்க. இதுதான் பீரோவுக்கு."

அடுத்த ஞாயிறு மாடியறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். பெலிக்ஸ் ஏர்பிரஷ்ஷைக் கழுவி நீட்டினார். கிளாட்வின் வலது கதவை மறுபடி பழைய பச்சைக்குக் கொண்டுவந்தான். பக்கத்துத் தகரத்தோடு ஒட்டு தெரியாமல் நிறம் சேர்ப்பது அவன் தொழில். அதில் அவனை அடிக்க ஆள் இல்லை. இடது கதவைக் கெடுத்துவைக்க நினைத்திருந்தால் ஒரு துளி தின்னர் போதும். அப்படி ஒரு நினைப்பு வந்ததும் உண்மை. தின்னர் பாட்டிலை எடுத்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். சாயங்காலம்வரை அந்த ஒரு கதவிலேயே இருந்தான். மட்கிய பச்சை, அதன்கீழ் பழைய வண்டியின் அழிந்த நம்பர், பிடிக்குக் கீழே நசுங்கலைத் தட்டி எடுத்த தழும்பு.

பெலிக்ஸ் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எனக்கு வராதுல" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கிளாட்வின் அதைக் கவனித்தான்.

பெலிக்ஸின் லாரி இப்போது மேல்தட்டில் பதக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. கிளாட்வினின் லாரி அவன் பட்டறை மேசையில், சாவிக் கொத்து வைக்கிற இடத்தில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மம்சாபுரம் வந்த சொந்தக்காரர்கள் பீரோ முன்னால் நின்று, "பெலிக்ஸ் கையே கை" என்று வாய் ஓயாமல் சொன்னார்கள். பின்னால் முறுக்கோடு உட்கார்ந்திருந்த கிளாட்வின் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"அவரு கைதான், யாரு இல்லன்னா? செத்த இப்படி வந்து, இடது பக்கக் கதவைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான்.