143-ம் ஃபார்ம்ல நான் போட்ட பூஜ்யம்

மார்ச் 9, ஞாயித்துக்கிழமை, காலை 11.20. முடிஞ்ச சர்வே ஃபார்ம் 142. பாக்கி 58.

ஞாபகத்துல இருந்து சொல்லல. ஒவ்வொரு ஃபார்ம் மூலையிலயும் தேதி, மணி, நம்பர் எழுதி வெச்சிருக்கேன். போன வாரம் பரண்ல இருந்து அந்த மூட்டையை இறக்கினேன். 143-ம் ஃபார்ம் ஓரத்துல புளிக்கறை இன்னும் இருக்கு...

புளி வாசனைதான் முதல்ல வருது. கோமுகி டேம் தாண்டி, கல்வராயன் மலைக்கு ரோடு ஏற ஆரம்பிக்கிற இடத்துல ஒரு ஊர். வாசலுக்கு வாசல் புளி காய்ஞ்சிக்கினு இருந்துச்சு.

எம்.எஸ்சி. ஸ்டாடிஸ்டிக்ஸ் கடைசி வருஷம். எங்க செட்ல எல்லாரும் மரவள்ளி மகசூல், கரும்பு, மழைன்னு தீசிஸ் டாபிக் எடுத்தாங்க. எனக்கு அதெல்லாம் செம போர். நான் எழுதிக் குடுத்தது, 'கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் கடவுள் மறுப்பு'.

கைடு மேடம் பேப்பரைப் பாத்துட்டு கேட்டாங்க: "மரவள்ளின்னா தராசுல வெக்கலாம். இத எதுல வெப்ப?"

"சாமி உண்டுன்னா 1, இல்லன்னா 0. அவ்ளோதான் மேடம்."

"நீ கும்பிடுவியா?"

"மாட்டேன் மேடம்."

"அப்ப எத்தன பூஜ்யம் வந்தா உனக்கு சந்தோஷம்?"

"வர்றது வரும் மேடம்"னேன். பொய். நிறைய வரணும்னுதான் ஆசைப்பட்டேன்.

வண்டி என் ஃப்ரெண்ட் ஏழுமலையோடது. அவன் ஓட்டுவான், நான் ஃபார்ம். ஆளுக்கு ரெண்டு நிமிஷம், அதுக்கு மேல இல்ல. வயசு, படிப்பு, வேலை... நாலாவது கேள்வி, சாமி கும்பிடுவீங்களா?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மெக்கானிக் அண்ணன். கேட்டதும் சிரிச்சார். "எனக்கு ஒரு சாமியும் கெடயாது தம்பி. ஆனா ஆமான்னே போட்டுக்க. பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கோம்." 1 போட்டேன். என் சாம்பிள்ல கிடைச்ச நெஜமான நாத்திகர் அவர்தான்னு இப்ப தோணுது.

அப்புறம்தான் அந்த புளி ஊர்ல 143. ஒரு அக்கா, நாப்பது வயசு இருக்கும். புளியில கொட்டை எடுத்துக்கினு இருந்தாங்க. ஃபார்மை வாங்கி இப்படியும் அப்படியும் பாத்துட்டு திருப்பிக் குடுத்தாங்க.

"சாமி கும்பிடுவீங்களாக்கா?"

"எங்களுக்கு சாமி இல்ல தம்பி."

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. படிக்காத அக்கா, மலையடிவாரம், பட்டுனு சொல்லுது பாருடா! 0 போட்டேன்.

"போன தையில எங்க..."ன்னு ஆரம்பிச்சாங்க.

"போதும்க்கா, அடுத்த கேள்வி"னேன்.

வண்டியில ஏறினதும் ஏழுமலை திட்டினான். "இன்னாடா, அவங்க பேசிக்கினு இருக்கும்போதே கிளம்பிட்ட?"

"கதை கேக்க காலம் கெடயாது. இன்னும் 57 இருக்கு, ஓட்டு."

மொத்தம் 31 பூஜ்யம் வந்துச்சு. நான் நெனச்சதை விட ஜாஸ்தி. 'பள்ளிக்கே செல்லாத பெண்களிடமும் கடவுள் மறுப்பு வேரூன்றியுள்ளது'ன்னு ஒரு பாரா எழுதினேன். வைவாவுக்கு வெளிய இருந்து வந்த எக்ஸாமினர் அந்த பாராவைத்தான் சத்தமா படிச்சு பாராட்டினார். வேலைக்கான இன்டர்வியூல கூட அதையே பெருமையா சொன்னேன்.

போன கார்த்திகையில அப்பா போயிட்டார்.

இந்த ஆடியில அம்மாவுக்குத் துணையா கள்ளக்குறிச்சி வூட்ல இருந்துதான் வேலை பாத்தேன். அம்மனுக்குக் கூழ் ஊத்துறதுக்காக தெருக்காரங்க வூடு வூடா வசூலுக்கு வந்தாங்க. எங்க வாசல்ல தயங்கி நின்னாங்க.

"கேக்காம தாண்டிப் போனா நல்லா இருக்காதுங்க, அதான்..."

அம்மா சாதாரணமா சொன்னாங்க: "எங்களுக்கு இந்த வருஷம் சாமி இல்லப்பா. அடுத்த வருஷம் வாங்க."

லேப்டாப்பை மூடினேன்.

வாரம் தவறாம கோயிலுக்குப் போனவங்க எங்க அம்மா. சாவு விழுந்த வூட்ல ஒரு வருஷம் பண்டிகை கெடயாது, படையல் கெடயாது. அதைத்தான் 'சாமி இல்ல'ன்னு சொல்வாங்க. என் ஃபார்ம் கணக்குப்படி எங்க அம்மாவும் பூஜ்யம்.

எனக்குத் தெரியாத வழக்கமா? சின்ன வயசுல இருந்தே தெரியும். தெரிஞ்சும் அன்னிக்கு 'ஏன்'னு ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு வேண்டிய பதில் வந்துடுச்சு, அதோட காது மூடிக்கிச்சு. போன தையில அந்த அக்கா வூட்ல யாரோ போயிருக்காங்க. புருஷனா, புள்ளையா... எனக்குத் தெரியாது. சொல்ல வந்தாங்க, நான் விடல. அவங்க துக்கத்தை எடுத்து என் கொள்கைக்கு சாட்சியா வெச்சுட்டேன்.

இப்ப ஆபீஸ்ல டேட்டாவுல ஒரு 0 வந்தா முதல் ஆளா நான்தான் கேப்பேன். இது நெஜ பூஜ்யமா, இல்ல பதிலே வாங்காம விட்ட காலியா? டீம்ல என்னைப் பாத்தாலே கடுப்பாவாங்க. அன்னிக்கு புளி காய்ஞ்ச அந்த வாசல்ல இந்தக் கேள்வி எனக்கு வரல. இப்ப சம்பளம் குடுக்கறாங்க, வருது.

எனக்கு இன்னும் சாமி நம்பிக்கை கெடயாது. அது மாறல. ஆனா எத்தன பேருக்கு இல்லன்னு நான் எழுதினது எனக்கே தெரியாத நம்பர்.

செய்ய வேண்டியது:

1. 31 ஃபார்மையும் தனியா எடுக்கணும். பேர் எழுதல, ஊர் மட்டும்தான் இருக்கு. ஊர் ஊரா போய் விசாரிக்கணும்.

2. ஏழுமலைக்கு போன் பண்ணணும். திட்டுவான், வாங்கிக்கணும்.

3. காலேஜ் லைப்ரரியில இருக்கற தீசிஸ்ல அந்த பாரா தப்புன்னு ஒரு தாள் ஒட்ட மேடம்கிட்ட பர்மிஷன் கேக்கணும்.

4. அந்த அக்காவைக் கண்டுபிடிச்சு, வூட்ல யாருன்னு கேக்கணும். பேப்பர், பேனா எதுவும் எடுத்துக்கினு போகக் கூடாது.

5. வண்டி வேணாம், பஸ்ல போகணும். திரும்ப பஸ் எத்தன மணிக்குன்னு கண்டக்டரைக் கேக்காம இறங்கணும்.