மிஸ்ஸி வீட்டு முன்கூரை

உலு திராம் ஊரில் எங்கள் வரிசையில் முன்கூரை போடாத வீடு ஒன்றே ஒன்றுதான். மற்ற எல்லாரும் கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி கேட் வரைக்கும் கூரையை நீட்டிவிட்டோம். அந்த வீட்டுக்கு மட்டும் மழை நாளில் நனைந்துதான் போகவேண்டும். அது மிஸ்ஸியின் வீடு. அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். முன்கூரைக்காக அவர் சீட்டுக் கட்டிவந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கு என்ன நிறம் என்று பேசிப் பேசியே எங்கள் உயிரை வாங்கினார்.

தாமானுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஒரு முலாம் பூசும் பட்டறை கழிவைத் திறந்துவிட்ட காலம் அது. தண்ணீர் ஒருநாள் பச்சை, மறுநாள் துரு நிறம். காயப்போட்ட துணியோடு நாற்றமும் வீட்டுக்குள் வரும். புகார் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோய், பொதுமண்டபத்தில் கூட்டம் போட்டோம். ஜொகூர் பாருவிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்திருந்தார். தனக்குக் கட்டணமே வேண்டாம் என்று அவர் சொன்னதும் கைதட்டினோம். அடுத்துச் சொன்னதில் கைதட்டல் நின்றுபோனது.

"ஆனா கேஸ் தோத்துட்டா, அவங்க வக்கீல் செலவையும் நம்மளக் கட்டச் சொல்லி கோர்ட்ல உத்தரவு போடலாம். யார் பேர்ல கேஸ் போடறோமோ அவங்கதான் கட்டணும். கட்டலேன்னா வீட்டு மேல கை வைப்பாங்க."

மனுவில் கையெழுத்துப் போட முண்டியடித்த நாங்கள் எல்லாம் மேலே சுற்றும் காற்றாடியை ஆராய ஆரம்பித்தோம். பிறகு யாருக்கோ ஒரு யோசனை வந்தது, அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. தாமான் காவலாளி பெரியவரின் பேரைப் போட்டுவிடுவோம். வாடகை அறையில் இருக்கும் மனிதர், தோற்றால் அவரிடம் எதைப் பிடுங்க முடியும்? பெரியவரும் மறுக்கத் தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். மிஸ்ஸி எழுந்தார்.

"நாத்தம் நம்ம எல்லார் வீட்லயும்தான் அடிக்குது. அவர எதுக்கு முன்னால தள்ளி விடறீங்க? எனக்கு வீட்டுக் கடன் முடிஞ்சிருச்சி. என் பேரப் போடுங்க லா."

வழக்கு நடக்க நடக்கப் பட்டறைக்காரர்களுக்குப் பயம் பிடித்தது. கழிவைச் சுத்தம் செய்யத் தொட்டி கட்டினார்கள், ஓடை தெளிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதனாலேயே வழக்குத் தோற்றது. தண்ணீர்தான் சுத்தமாகிவிட்டதே, இனி உத்தரவிட என்ன இருக்கிறது என்றார் நீதிபதி. இது பொதுநல வழக்கு, அவரவர் செலவை அவரவர் ஏற்கட்டும் என்று வக்கீலம்மா மன்றாடினார். சில நீதிபதிகள் அப்படி விடுவதுண்டாம். இவர் விடவில்லை. ஓடையை மீட்டுக் கொடுத்தவரே எதிராளியின் செலவையும் கட்டவேண்டும் என்றானது. லீவு போட்டுவிட்டு உடன் போயிருந்த நான்தான் அழுதேன். மிஸ்ஸியோ கோர்ட் கேன்டீனில் மீ கோரேங் சாப்பிட்டு முடித்து, "தண்ணி நல்லாயிருச்சில்ல, வாம்மா போலாம்" என்றார்.

நாங்கள் வீட்டுக்கு வீடு வசூல் செய்துகொண்டு போவதற்குள் அவர் சீட்டை எடுத்துக் கட்டிவிட்டிருந்தார். எங்கள் பணத்தைத் தொடவில்லை.

"அப்படியே வச்சிருங்க. அடுத்து பேரு கொடுக்கறவங்களுக்கு ஆகும். இது இருக்குன்னு தெரிஞ்சா யாரும் காத்தாடியப் பாக்கமாட்டாங்க."

எங்களைக் கவனித்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்காக ஒருநாளும் எங்களிடம் முகம் சுளித்ததில்லை. அவரைப் போல ஒருவரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

போன வாரம் அதே மண்டபத்தில் மறுபடியும் கூட்டம். பக்கத்துக் குன்றை வெட்டுகிறார்கள், சேறு ஓடையில் இறங்குகிறது. தலை நரைத்துவிட்ட வக்கீலம்மா அதே எச்சரிக்கையைச் சொன்னார். அந்தப் பணம் இருக்கிறது, ஆனால் போதுமா என்று யாருக்கும் தெரியாது. நான் என் பேரைக் கொடுத்தேன். கூட்டம் முடிந்ததும் மிஸ்ஸியிடம் சொல்ல ஓடினேன். நல்ல மழை. கேட்டிலிருந்து கதவுக்குப் போவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே துண்டு எடுத்து வந்தார்.

"உனக்கு வீட்டுக் கடன் முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்ல மிஸ்ஸி."

துண்டை என் கையில் கொடுக்காமல், அவரே என் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.